புகையற்ற பவனி

செல்வர் ஒருவர் கார் வாங்குவது செய்தியன்று. பெரிய கார் வாங்குவதும் செய்தியன்று. பெரிய காரை வாங்கிவிட்டு, "நாட்டுக்கு நான் நன்மை செய்திருக்கிறேன்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடிகிறதே, அதுதான் இந்நாளின் புதுமை! மாளிகையே நகர்ந்து வருவதுபோல மோட்டாரில் பவனி வந்த சீமானை, முன்னாளில் தெருவோரம் நின்றவன் வியப்போடு பார்த்தான். சில வேளை வெறுப்போடும் பார்த்தான். இன்று அவன் நன்றியோடு பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஏன் நன்றி? அந்த வண்டி புகை கக்கவில்லை, உறுமவில்லை, பெட்ரோல் குடிக்கவில்லை. மின்சாரத்தால் ஓடுகிறது.

இதிலே எழும் கேள்வி காரைப் பற்றியது மட்டுமன்று. ஒருவன் தன் இன்பத்துக்காகச் செய்யும் செயல், பிறர்க்கும் சிறிது நன்மை தருமானால், அதை அறம் என்று போற்றுவதா? போற்றுவது போகட்டும், அதற்கு ஊரார் பணத்திலிருந்து பரிசும் வழங்குவதா? குளம் வெட்டியவனை ஊர் வாழ்த்தியது, அது நியாயம். தன் தோட்டத்துக்குப் பாய்ச்சிய நீர் வேலி தாண்டிக் கசிந்து, பக்கத்து வரப்பிலே நாலு புல் முளைத்தது என்பதற்காக, தோட்டக்காரனுக்கு மாலை சூட்டி ஊர்வலம் நடத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பேச்சு பொதுவாகப் போய்விடாமலிருக்க, ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எஸ்.யூ.வி. என்ற மூன்றெழுத்தால் வழங்கும் உயரமும் அகலமும் மிக்க பெருங்காரின் மின்சார வடிவங்களில் ஒன்று, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஐஎக்ஸ். 2021 டிசம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன் எக்ஸ்டிரைவ்50 என்னும் வகை 2024-இல் இங்கு வந்தபோது, விலை 1 கோடியே 40 லட்சம் ரூபாயை ஒட்டியிருந்தது. எடை ஏறத்தாழ இரண்டரை டன். அதன் வயிற்றிலே கிடக்கும் மின்கலத்தின் கொள்ளளவு 111.5 யூனிட். மெர்சிடிஸ், ஆடி, கியா ஆகிய நிறுவனங்களும் இதே இனத்தில் வண்டிகள் செய்கின்றன. பெயர் மாறும், விலையில் சில லட்சம் ஏறும், இறங்கும், இனம் ஒன்றே.

வண்டியைப் பழிப்பது நம் நோக்கமன்று. பெட்ரோல் எஞ்சின், தான் குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் பெரும் பகுதியை வெப்பமாக வீணடித்துவிட்டு, நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மின்மோட்டாரோ பெற்றதில் பெரும் பங்கைச் சக்கரத்திலே சேர்த்துவிடுகிறது. வேகத்தைக் குறைக்கும்போது ஓட்டத்தின் ஆற்றலைக்கூட மீண்டும் மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மனித அறிவின் மாண்புக்கு இது சான்று. அண்ணா சாலை நெரிசலிலே பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் மூச்சுக்காற்றில் அந்த வண்டி நச்சுப் புகை கலக்கவில்லை. அவளுடைய நுரையீரல், காரை வாங்கியவர் கருணையால் வாங்கினாரா, பகட்டுக்காக வாங்கினாரா என்று விசாரிப்பதில்லை. நன்மை நன்மைதான். இதை ஒப்புக்கொள்ளாமல் வாதம் தொடங்குபவன், நேர்மையாக வாதம் செய்பவன் ஆகமாட்டான்.

ஆனால், புகை போயிற்று என்பது முழு உண்மையா? புகை வீடு மாறியது என்பதே பொருத்தம். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. முப்பந்தலில் காற்றாலை சுழல்கிறது, தென் மாவட்டங்களில் சூரிய ஒளியும் மின்சாரமாகிறது, மகிழ்ச்சி. எனினும் இரவு பத்து மணிக்கு மாளிகையின் முகப்பிலே நிறுத்தி மின்னேற்றம் செய்யும் வண்டிக்குச் சூரியன் எங்கிருந்து வருவான்? எண்ணூரின் கொதிகலன்தான் வேலை செய்ய வேண்டும். நெய்வேலியின் சுரங்கம்தான் வாய் திறக்க வேண்டும். கார் ஓடும் தெரு தூய்மை பெறுகிறது. கொசத்தலையாற்றின் கழிமுகத்திலே, அனல் மின்நிலையச் சாம்பல் படிந்த நீரில் இறால் தேடும் மீனவன், அந்தத் தூய்மையின் விலையில் ஒரு பகுதியைக் கட்டுகிறான். அவனிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

அப்படியிருந்தும், அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் மேல் என்றே கணக்கு காட்டும். "அதே அளவுள்ள" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது! சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட பெரிய வண்டி 5 கிலோமீட்டரை ஒட்டி ஓடுகிறது. இரண்டிலும் பெரும்பாலும் ஒருவர்தான் அமர்ந்து செல்கிறார். கூடுதல் மின்சாரம் எதைச் சுமக்கச் செலவாகிறது? மனிதனையன்று, தோல் இருக்கையை, கண்ணாடிக் கூரையை, கனத்த கதவை, அந்தக் கனத்தை இழுப்பதற்காகவே பெரிதாக்கப்பட்ட மின்கலத்தை. மின்சார ஸ்கூட்டர் ஒன்றுக்கு 3 யூனிட் அளவுள்ள மின்கலம் போதும். ஓசூரிலும் கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் அத்தகைய ஸ்கூட்டர்களை நம் தொழிலாளர்கள் நாள்தோறும் செய்கிறார்கள். ஒரு பெருங்காரின் மின்கலத்தைக் கொண்டு அப்படி 37 ஸ்கூட்டர்களை ஓட்டலாம். 37 பேர் புகையின்றி வேலைக்குப் போவது ஒருபுறம். ஒருவர் புகையின்றிப் பவனி போவது மறுபுறம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "செல்வர் முதலில் வாங்கினால்தான் ஏழைக்குப் பின்னால் மலிவாகக் கிடைக்கும்" என்பார்கள். இது வெறும் சப்பைக்கட்டு அன்று. முதலில் விலையுயர்ந்த காரை விற்பது, அந்தப் பணத்தில் அதைவிடக் குறைந்த விலைக் காரைச் செய்வது, பிறகு இன்னும் மலிவானதைச் செய்வது என்று டெஸ்லா நிறுவனம் 2006-இல் வெளிப்படையாகவே தன் திட்டத்தை அறிவித்தது. 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் விற்ற லித்தியம் மின்கலம், 2024-இல் 115 டாலர் அளவுக்கு இறங்கியது. முதலில் வாங்கிய செல்வர்களுக்கும் இதில் பங்கு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதை அமெரிக்காவின் கதை. இந்தியத் தெருக்களுக்கு மின்சார ஊர்தியை முதலில் பெருவாரியாகக் கொண்டுவந்தவன் கோடீஸ்வரன் அல்லன். டெல்லியிலும் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் லட்சக்கணக்கில் ஓடும் இ-ரிக்‌ஷாவின் ஓட்டுநன். மானியத்தை எதிர்பார்த்து அவன் நிற்கவில்லை. காரீய மின்கலத்தை இரவில் சார்ஜ் போட்டுப் பகலில் பயணிகளை ஏற்றினான். நாட்டுக்கு வழிகாட்டியவன் என்று அவனுக்கு யாரும் விழா எடுத்ததாகத் தெரியவில்லை.

இனி, மின்னேற்றத்தின் கதைக்கு வருவோம். விலை கொடுத்து வண்டியை வாங்கியாயிற்று. வாங்கியவர் காத்திருக்க விரும்புவாரா? வீட்டிலே ஏற்றினால் ஓர் இரவு ஆகும். அதனால் வந்தது அதிவேக மின்னேற்றம். நாம் எடுத்துக்கொண்ட வண்டி, உச்ச வேகத்தில் 195 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும். கிலோவாட் என்றால் பலருக்குப் புரியாது. வீட்டிலே சுழலும் 75 வாட் மின்விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். 2,600 மின்விசிறிகள் ஒரே நேரத்தில் சுழல எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, அவ்வளவும் ஒரு கம்பியின் வழியே ஒரு காருக்குள் பாய்கிறது! இத்தகைய வேகத்துக்கு ஏற்ற கம்பி மணிக்கட்டளவு பருமன். பல நிலையங்களில் அது சூடேறாதிருக்க உள்ளே குளிர்நீர்மம் ஓடுகிறது.

இவ்வளவு வலிமையும் சிறிது நேரத்துக்குத்தான். மின்கலத்தின் உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று, கரியின் அடுக்குகளுக்கிடையே இடம் பிடித்து அமர வேண்டும். மாநாட்டுப் பந்தல் காலியாக இருக்கும்போது கூட்டம் விரைந்து அமர்கிறது. நிரம்ப நிரம்ப, இருக்கை தேடித் தடுமாறுகிறது. அப்போதும் பிடித்துத் தள்ளினால், உள்ளே புகமுடியாத அயனிகள் வாயிலிலேயே உலோகமாகப் படிந்துவிடும், மின்கலம் கெடும். ஆகவே பொறி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பத்து விழுக்காட்டிலிருந்து எண்பது வரை ஏற 35 நிமிடம். எஞ்சிய இருபதை ஏற்றவும் அதே அளவு நேரம் போய்விடும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அயனி அவசரப்படுவதில்லை.

ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. 2016 மே திங்களில் தமிழக அரசு, வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி என்று அறிவித்தது. (குடிசைக்கும் 100, மாளிகைக்கும் 100, சமத்துவம் சில நேரம் இப்படியும் வேடிக்கை காட்டும்.) குடும்பம் ஒன்று விளக்கெரிக்கவும், விசிறி சுழற்றவும், பிள்ளைகள் படிக்கவும், அறுபது நாளைக்கு அரசு தாங்கிப் பிடிப்பது 100 யூனிட். பெருங்காரின் மின்கலத்தை ஒருமுறை வெறுமையிலிருந்து நிரப்பினால், அந்த 100 யூனிட்டும் போதாது. செல்வர் அதற்குக் காசு கொடுக்கிறார், உண்மை. அளவைக் காட்டவே சொன்னோம், களவென்று சொல்லவில்லை.

அறத்தின் கேள்வி, நெடுஞ்சாலைச் சார்ஜிங் நிலையத்தில்தான் கூர்மையாகிறது. எல்லா நிலையமும் 195 கிலோவாட் தருவதில்லை. இந்திய நெடுஞ்சாலைகளில் 30, 60 கிலோவாட் கருவிகள் மிகுதி. அங்கே நம் பெருங்கார் பத்திலிருந்து எண்பதுக்கு ஏற, 60 கிலோவாட் கருவியில் ஒன்றேகால் மணி நேரம். 30 கிலோவாட் கருவியில் இரண்டரை மணி நேரம். அதற்குப் பின்னால் வாடகைக் கார் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். அதற்கு வேண்டியது 15 யூனிட். விமான நிலையத்தில் ஒருவரை இறக்கினால்தான் ஓட்டுநருக்கு அன்றைய கூலி. இவருக்கு வேண்டியது 70 யூனிட். முன்னே வந்தவர் முன்னே என்பது விதி. விதி சரி. ஆனால், எண்பது விழுக்காட்டைத் தாண்டியும் செருகிய கம்பியை எடுக்காமல், குளிரூட்டிய அறையில் காப்பி அருந்திக்கொண்டு, நூறு விழுக்காடு ஆகட்டும் என்று கடைசி இருபதுக்காகக் காத்திருப்பதை அந்த விதி தடுக்கிறதா? வண்டிக்கு வண்டி சமம் என்கிறது விதி. மனிதனுக்கு மனிதன் சமம் என்றால் கணக்கே வேறாகும். சில நாடுகளில், ஏற்றி முடித்த பின்னும் இடத்தை அடைத்து நிற்கும் வண்டிக்கு நிமிடக் கணக்கில் அபராதம் விதிக்கிறார்கள். நாகரிகம் சொல்லித் தராததைக் கட்டணம் சொல்லித் தருகிறது.

வீட்டிலே கிணறு உள்ளவன் ஊர்க்கிணற்றில் வரிசை பிடிப்பது அரிது. அதுபோல, தனி வீடும் தனி நிறுத்தமும் உள்ளவருக்குப் பொது நிலையம் எப்போதோ ஒருமுறை வேண்டும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவனுக்கும், தெருவில் வண்டியை நிறுத்தும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அது அன்றாடத் தேவை. 2024-இல் மைய அரசு அறிவித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அது பொதுப் பணம். அதைக் கொண்டு எதை நிறுவுவது? 240 கிலோவாட் அதிவேகக் கருவி ஒன்றுக்கு வேண்டிய மின்வலிமையைக் கொண்டு, ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் போதுமான 3.3 கிலோவாட் முனைகள் 72 அமைக்கலாம். நெடுஞ்சாலையில் அதிவேகக் கருவி வேண்டாம் என்று எவரும் சொல்லார். பேருந்துக்கும் லாரிக்கும் அவசர ஊர்திக்கும் அது தேவை. ஆனால் ஐந்து நட்சத்திர ஓட்டலின் முற்றத்திலே முதலில் நிறுவிவிட்டு, வியாசர்பாடி ஆட்டோ நிறுத்தத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றால், அதற்கு முன்னேற்றம் என்ற பெயர் பொருந்துமா?

வரிக்கு வருவோம். 2019 ஆகஸ்டு முதல் மின்சார ஊர்திகளுக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விலை என்னவாயினும் 5தான். 4 லட்சம் ரூபாய் வண்டிக்கும் 5, ஒன்றரைக் கோடி ரூபாய் வண்டிக்கும் 5. அதே காலத்தில், கொத்தனார் வேலைக்குப் போக வாங்கும் சாதாரண பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்கு 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 ஆயிற்று. உழைப்பவனின் இரு சக்கரத்துக்குப் பதினெட்டு, உல்லாசத்தின் நான்கு சக்கரத்துக்கு ஐந்து! தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 விழுக்காடு. மின்சாரக் காருக்கோ, 2020 நவம்பரில் முழு விலக்கு அளிக்கப்பட்டு, 2025 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. 1 கோடியே 40 லட்சத்துக்கு 20 விழுக்காடு என்ன? 28 லட்சம். இறக்குமதித் தீர்வை என்று அவர் வேறு கட்டியிருக்கலாம். எனினும் மாநிலக் கருவூலம் விட்டுக்கொடுத்த தொகை அவ்வளவு.

இதிலே விந்தை என்னவென்றால், நேரடி மானியம் கொடுக்கும்போது அரசுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. 2019-இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில், கார்களுக்கான மானியம் வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கும், அதிலும் ஆலை விலை 15 லட்சத்துக்குட்பட்டவற்றுக்கும் மட்டுமே என்று வரையறுத்தார்கள். கையால் எடுத்துக் கொடுக்கும்போது இருந்த விழிப்பு, வாங்காமல் விடும்போது இல்லை. கொடுப்பதும் வாங்காமல் விடுவதும் கருவூலத்துக்கு ஒன்றுதானே!

"செல்வரைக் கண்டாலே உங்களுக்குக் காய்ச்சல், அவர் மின்சாரக் கார் வாங்கினாலும் குற்றம், பெட்ரோல் கார் வாங்கினாலும் குற்றமா?" என்று கேட்கக்கூடும். இல்லை ஐயா. வாங்கட்டும், ஓட்டட்டும், மகிழட்டும். மாசின்மைக்குரிய சலுகையை மாசின்மை பெறட்டும்; ஆடம்பரத்துக்குரிய வரியை ஆடம்பரம் கட்டட்டும். ஒரே வண்டியில் இரண்டும் இருக்கின்றன. எவ்வளவு பகுதி தேவை, எவ்வளவு பகுதி பகட்டு என்று பிரித்துப் பார்ப்பது இயலாத காரியமும் அன்று. பிரித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பாரிஸ் நகரத்தைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அங்கே மக்களிடம் வாக்குக் கேட்டார்கள்: கனத்த கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கலாமா? வாக்களித்தவர்கள் சிறு பகுதியினரே. அவர்களில் பெரும்பான்மையோர் ஆம் என்றார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் காருக்கு 1.6 டன் எல்லை. மின்சாரக் காருக்கு 2 டன். மின்கலத்தின் எடைக்காக 400 கிலோ விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு மேல் இல்லை. நாம் பேசிய இரண்டரை டன் வண்டி வெளியூரிலிருந்து பாரிஸுக்குப் போனால், மின்சாரத்தின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. அண்டை மாநிலமான கேரளம், 2025 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கு விலைக்கேற்ப வரியை வகுத்தது: 15 லட்சம் வரை 5 விழுக்காடு, 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10.

எல்லாருக்கும் முன்னோடி நார்வே. 2001 முதல் அங்கே மின்சாரக் காருக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. சிறு கார்கள் பரவுவதற்காகத் தந்த சலுகை, நாளடைவில் பெருங்கார்களையும் வளர்த்தது. 2020-இல் அந்நாட்டில் மிகுதியாக விற்ற கார் எது தெரியுமா? ஆடி நிறுவனத்தின் இ-டிரான் என்னும் ஆடம்பர எஸ்.யூ.வி. சிந்தித்தார்கள். 2023-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து, 5 லட்சம் குரோனர் வரை வரியில்லை, அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 25 விழுக்காடு என்று சட்டம் செய்தார்கள். எடைக்கென்று தனி வரியும் விதித்தார்கள். சிறு கார் வாங்குபவர் பழைய சலுகையோடு போனார். பெருங்கார் வாங்குபவர் பெருமைக்குரிய பகுதிக்கு வரி கட்டிவிட்டுப் போனார்.

"வரி போட்டால் செல்வர்கள் மீண்டும் பெட்ரோலுக்கே ஓடிவிடுவார்கள், உள்ள நன்மையும் போய்விடும்" என்று அங்கேயும் எச்சரித்தவர்கள் உண்டு. பெட்ரோல் காருக்கு அங்கே வரி அதைவிடக் கடுமை என்பதை அவர்கள் மறந்தார்கள். 2022-இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 79 மின்சாரக் கார்கள். வரி வந்த 2023-இல் அது 82 ஆயிற்று, 2024-இல் 89.